பையனுக்கு 18 முடிந்துவிட்டது: உதவித்தொகை வருமா, நின்றுவிடுமா?

காப்பிக்காடு (10 ஜூன் 2024, இரவு 9.20)

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் எஸ்டேட் வேலை. பையனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. அறிவுசார் குறைபாடு. 2018இல் சேலத்தில் வாங்கிய சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி நலத்துறையிலிருந்து மாதம் 2,000 ரூபாய் வருகிறது. முன்பு 1,500 ஆக இருந்தது. வங்கிக் கணக்கு அவன் பெயரில், கார்டியன் என்று என் பெயர்.

இன்றைக்குப் பள்ளி திறந்தார்கள் அல்லவா, இவன் பழைய பையை மாட்டிக்கொண்டு வேன் வரும் முக்கில் போய் நின்றுவிட்டான். வேன் நிற்காமல் போனது. கூட்டி வர அரை மணி நேரம் ஆனது. சரி, அது வேறு கதை.

போன வாரம் பணம் எடுக்கப் போனேன். "பையன் மேஜர் ஆகிவிட்டான், இனி நீங்கள் கையெழுத்துப் போட்டால் செல்லாது, கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த வங்கி என்று சொல்லவில்லை, விடுங்கள். வீட்டுக்கு வந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதிலும் 18 வயதில் புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. பக்கத்து லயன் வீட்டில் (எஸ்டேட் குடியிருப்பு) ஒரு அக்கா, "18 ஆனால் பழையது கட் ஆகிவிடும், புதிதாக பென்ஷனுக்கு எழுதிப் போட வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "மகனுக்கு பென்ஷன் வந்தால் உன்னுடைய மகளிர் ஆயிரம் நின்றுவிடும்" என்கிறார். கோர்ட்டுக்குப் போக எங்களிடம் காசும் இல்லை, தெரிந்த வக்கீலும் இல்லை. யாராவது விவரம் சொல்லுங்கள்.

ரிட்டையர்டு வி.ஏ.ஓ. (10 ஜூன், இரவு 10.05)

அம்மா, முதலில் தூங்குங்கள். கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

உங்கள் ஊரில் இரண்டு தனித்தனிப் பணத்தை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். உங்கள் மகனுக்கு வருவது நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. அதற்கு 18 என்ற வாசல் கிடையாது. சின்னக் குழந்தைக்கும் உண்டு, பெரியவருக்கும் உண்டு. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் பாதிப்பு என்றால்தான் 75 கேட்பார்கள். இன்னொன்று வருவாய்த்துறை கொடுப்பது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் கையெழுத்துப் போடுவது. 2023 ஜனவரியில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அதற்குத்தான் 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த அக்கா கேள்விப்பட்டது இந்த 18. மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஊனமுற்றோர் ஓய்வூதியமும் 18இல்தான் தொடங்கும், 80 சதவீதமும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் வேண்டும். மத்திய அரசின் பங்கு அதில் மாதம் 300 ரூபாய். அதை மாநிலப் பணத்தோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

ஒருவருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். உங்களுக்கு 2,000 வந்துகொண்டிருக்கும்போது யாராவது இ-சேவை மையத்தில் உட்காரவைத்து 1,500க்கு மனுப் போடச் சொன்னால் போடாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படி இரண்டு பக்கமும் மனுப் போட்டு இரண்டும் தொங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தது. அன்றிலிருந்து உங்களுக்கு 1,000, மகனுக்கு 2,000 என்று இரண்டும் வந்துகொண்டுதானே இருக்கிறது? அவனுக்கு 18 ஆனதால் மட்டும் அது ஏன் நிற்கப்போகிறது?

சான்றிதழ் விஷயம் மட்டும் நிஜம். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. 18இல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும். அதனால் இந்த ஒரு தடவை சேலம் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அம்மாபேட்டை தறி (10 ஜூன், இரவு 10.40)

எங்கள் வீட்டில் தம்பிக்கும் வருகிறது, அம்மாவுக்கும் ஆயிரம் வருகிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அக்கா.

ஆனால் அந்தச் சோதனை நாளைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தம்பிக்கு 19இல் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அம்மா காலையிலேயே அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டை மாட்டி, பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி கூட்டிப்போனார். உள்ளே கேட்கிற கேள்விக்கெல்லாம் பெருமையாகப் பதில். "தானாகக் குளிப்பானா?" "குளிப்பான் மேடம்." "கடைக்குப் போவானா?" "போவான், காசு கொடுத்து தேங்காய் வாங்கி வருவான்."

நிஜம் என்ன தெரியுமா? கடை எங்கள் வீட்டுக்கு எதிரில். அம்மா வாசலில் நின்று "அண்ணா, ஒரு தேங்காய்" என்று கத்துவார். கடைக்காரர் பையில் போட்டு, தம்பி கையிலிருக்கிற காசை எடுத்துக்கொண்டு, மீதியை அவன் சட்டைப் பையில் திணிப்பார். அவனுக்கு ஐந்து ரூபாய்க்கும் ஐநூறுக்கும் வித்தியாசம் தெரியாது. குளிப்பதும் அப்படித்தான். தண்ணீர் விளாவி வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, "முதுகு, முதுகு" என்று வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்தது 25 சதவீதம். வெள்ளைக் கார்டு. 40க்குக் கீழே என்பதால் மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. மறுபடி சோதனைக்குப் போய் 75 வாங்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் அப்பா தறியில் இரட்டை ஷிப்ட்.

அதனால் அங்கே பெருமை பேசாதீர்கள் அக்கா. அவ்வளவுதான்.

நியாயம்கேட்பவன் (11 ஜூன், காலை 7.15)

மன்னிக்கவும், இதைப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. முதல் தடவை 25, இரண்டாவது தடவை 75. பையன் அதே பையன்தானே? அப்படியென்றால் சொல்லிக்கொடுத்து நடிக்கவைத்தது எது? இப்படி ஆளாளுக்கு டிப்ஸ் கொடுத்துத்தான் போலிகள் உள்ளே வருகிறார்கள். காது நன்றாகக் கேட்கிறவர்கள் சர்டிபிகேட் வாங்கி வேலைக்குப் போவதெல்லாம் எனக்குத் தெரியும்.

அம்மாபேட்டை தறி (11 ஜூன், காலை 7.50)

நடித்தது முதல் தடவை சார். எங்கள் அம்மா நடித்தார்.

சிறப்பாசிரியை (11 ஜூன், மதியம் 1.30)

18 வருடமாக இந்தக் குழந்தைகளோடு இருக்கிறேன், சேலத்திலும் மலையிலும். அம்மாபேட்டைக்காரர் சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

நியாயம் சார், காது சோதனையில் நடிக்க முடியாதபடி பெரா என்று ஒரு சோதனை இருக்கிறது. தலையில் ஒயர் ஒட்டி, சத்தத்துக்கு நரம்பு என்ன பதில் தருகிறது என்று மிஷினே எடுத்துக்கொள்ளும். அறிவுசார் குறைபாட்டுக்கு அப்படி ஒயர் கிடையாது. இரண்டு வழியில் பார்ப்பார்கள். ஒன்று பையனிடம் நேரடியாக: மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள் இருக்கும், அதற்கான கட்டைகளை எடுத்துப் பொருத்தச் சொல்லி நேரம் பார்ப்பார்கள், பொருள்களைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். இன்னொன்று வீட்டாரிடம். வைன்லேண்ட் என்ற அளவுகோலின் நம் நாட்டு வடிவம், அதில் 89 கேள்விகள். சாப்பிடுவது, உடுத்துவது, தனியாகப் போய் வருவது, காசு, பேச்சு, மற்றவர்களோடு பழகுவது. இந்த இரண்டாவது பாதியில் குழந்தை எங்கே நிற்கிறான் என்பதை அம்மாவின் வாய்தான் முடிவு செய்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "கடைக்குப் போவானா" என்ற கேள்விக்கு "போவான்" என்றாலும் பொய், "போக மாட்டான்" என்றாலும் பொய். "எதிர்க் கடைக்கு, நான் வாசலில் நின்றால் போவான், காசு எண்ணத் தெரியாது" என்பதுதான் பதில். இவ்வளவு நீளமாகச் சொல்ல அங்கே நேரம் இருக்காது, வெளியே வரிசை நிற்கும். அதனால் நான் அம்மாக்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று. போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் பேஸ்ட் வைத்தது யார், பட்டன் போட்டது யார், சாதம் பிசைந்தது யார், இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள். நல்ல நாளும் வேண்டாம், கெட்ட நாளும் வேண்டாம், ஏழு நாளையும் அப்படியே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வலிப்பு மருந்து சீட்டு இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வலிப்பு மட்டும் தனியாக, சட்டத்தில் இருக்கிற 21 குறைபாடுகளின் பட்டியலில் இல்லை, ஆனால் படம் முழுமையாகும்.

இன்னொன்று. 75 வராவிட்டால் பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அறிவுசார் குறைபாட்டில் லேசானது என்றால் 50, நடுத்தரம் 75, கடுமை 90, மிகக் கடுமை 100. 50 வந்தாலும் 40க்கு மேல்தான். விளிம்பு நிலை என்று எழுதினால் மட்டும் 25, அதில்தான் கதவு மூடும். அதனால் கூட்டிச் சொல்ல ஒரு அவசியமும் இல்லை. குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

சக்கரம்24 (11 ஜூன், இரவு 11.10)

அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. 24 வயது. பி.காம். முடித்திருக்கிறேன். ஒரு விரலில் டைப் செய்வதால் இதை எழுத ஒரு மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் எல்லோரும் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று பேசுகிறீர்கள். பையன் அந்த அறையில்தான் இருப்பான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு 18 ஆனபோது இதே சோதனைக்குப் போனோம். யாரோ எங்கள் அம்மாவிடம் 75 வந்தால்தான் 2,000 (அப்போது 1,500) என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அம்மா என்னை எட்டு வருடம் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். அக்கம்பக்கத்தில் யாராவது பாவம் என்றால் சண்டைக்குப் போகிறவர். அன்றைக்கு டாக்டர் முன்னால் "இவனால ஒண்ணும் முடியாதுங்க, நான் போனா இவன் கதி அவ்வளவுதான்" என்றார். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு எவ்வளவு வாங்கினேன் என்று அதே அம்மாதான் ஊருக்கே ஸ்வீட் கொடுத்தார்.

வந்தது 70. எங்களைப் போன்ற கை கால் பாதிப்புக்கு 75 வேண்டும். ஐந்து குறைவு. அந்த ஐந்துக்காக வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கும். அம்மா சொன்ன வாக்கியத்தைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

காப்பிக்காடு அக்கா, உங்கள் மகனுக்கு எவ்வளவு புரியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வேன் நிற்கவில்லை என்பது புரிந்தவனுக்கு, அம்மா தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பதும் கொஞ்சம் புரியும். முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கொலுசு (12 ஜூன், காலை 6.30)

சக்கரம் தம்பி, படித்துவிட்டு வேலைக்குப் போக மனசே வரவில்லை.

நடுவில் என் கேள்வியும் ஒன்று. எனக்கு 21. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கிற வேலை. ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது, இன்னொரு கண் நன்றாகத் தெரியும். சான்றிதழில் 30 போட்டிருக்கிறார்கள். கார்டு அழகாக இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி எங்கேயும் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கண்ணால் சின்ன வளையத்தை நெருப்பில் பிடிக்கும்போது கிட்டத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று கணக்குத் தப்பும். கையில் தழும்பு வேண்டுமானால் காட்டுகிறேன். 40 ஆக்க வழி இருக்கிறதா?

ரிட்டையர்டு வி.ஏ.ஓ. (12 ஜூன், காலை 8.00)

வழி இல்லை தம்பி. ஒரு கண் முழுக்கப் போய், மறு கண் 6/18 அளவுக்குள் நன்றாகத் தெரிந்தால் 30தான் என்று அட்டவணையிலேயே இருக்கிறது. டாக்டர் நினைத்தாலும் கூட்ட முடியாது. வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் 5 சதவீதம், உதவித்தொகை எல்லாம் 40 என்ற கோட்டுக்கு மேலேதான். உங்களுக்கு அநியாயமாகத் தெரிவது எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. நல்ல கண்ணில் பார்வை குறைந்தால் மறுபடி சோதனைக்குப் போகலாம், ஆனால் அப்படி ஒரு நாள் வராமலே இருக்கட்டும். பட்டறையில் கண்ணாடி போடுங்கள்.

மேட்டூர் அப்பா (12 ஜூன், இரவு 8.45)

மகளுக்கு 19, ஆட்டிசம். வங்கி விஷயத்தை நான் சொல்கிறேன், போன வருடம்தான் இதைக் கடந்து வந்தோம்.

18 முடிந்த நிமிடம் பெற்றோர் சட்டப்படி காப்பாளர் இல்லை. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் சட்டம். கவுண்டரில் இருந்தவர் சொன்னதில் பாதி சரி. தவறியது "கோர்ட்" என்ற வார்த்தையில். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்திலேயே ஒரு உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் தலைவர், ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர், ஒரு மாற்றுத்திறனாளி. அந்தக் குழு கொடுக்கும் காப்பாளர் சான்றிதழே போதும். வங்கிகள் அதை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மனநோய்க்கு மட்டும் இந்தக் குழு பொருந்தாது, அது வேறு வழி.

கையோடு நிரமயா என்ற மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள். அதே நான்கு குறைபாடுகளுக்குத்தான். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. தெரபி, வெளிநோயாளிச் செலவுக்கும் கிடைக்கும். சம்பளக்காரர்கள் இதைப் படித்தால்: பழைய முறையில் வருமான வரி கட்டினால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அரசு ஊழியர்கள் பிள்ளையின் பெயரை இப்போதே சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏற்றி வையுங்கள், பின்னால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அது வேண்டும். நாம் போனபிறகு இதற்காக அலைய அவர்களால் முடியாது.

சக்கரம்24 (12 ஜூன், இரவு 10.20)

மேட்டூர் சார், ஒரு சின்ன எதிர்ப்பு. கேட்டவுடன் காப்பாளர் சான்றிதழ் வாங்கிவிடுவதே நல்லது என்று நினைக்காதீர்கள். என்னிடமும் ஒரு கவுண்டரில் "அம்மாவை கார்டியன் போட்டு வாப்பா" என்றார்கள். எனக்குக் கைதான் ஒத்துழைக்காது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துத்தான் ரேகை வைப்பேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்றுதான் இருக்கிறது. எந்த விஷயத்துக்கு உதவி தேவையோ அதற்கு மட்டும், இரண்டு பேரும் சேர்ந்து முடிவு எடுப்பது. அம்மாவோடு சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் ஆக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

மேட்டூர் அப்பா (12 ஜூன், இரவு 10.50)

உங்களுக்கு அது சரி. என் மகள் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் தூக்கி எறிவாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் தம்பி.

சக்கரம்24 (12 ஜூன், இரவு 11.25)

வைக்கவில்லை சார். தராசு இரண்டு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நியாயம்கேட்பவன் (13 ஜூன், காலை 9.00)

நடிப்பு என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் போலிகள் இருக்கிறார்கள் என்பதில் மாற்றமில்லை. அவர்களால்தான் டாக்டர்கள் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுப்பது நீங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன், சொன்ன விதம் தப்பு.

காப்பிக்காடு (27 ஜூன், இரவு 9.40)

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குத்தான் சேலம் போய் வந்தோம். நீளமாக எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி ஏழு நாள் நோட்டு எழுதினேன். என் தங்கை மகள் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. மூன்றாம் நாளே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாகச் செய்வதுதான், ஆனால் இவ்வளவு செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவள், "பெரியம்மா, இதில் உங்கள் பேர்தான் அதிகம் வருகிறது" என்றாள்.

நேற்று ராத்திரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். நாளைக்கு ஒரு மேடம் நீ செய்யாததை எல்லாம் கேட்பார், நான் பதில் சொல்வேன், அது உன்னைத் திட்டுவது இல்லை என்று. நீ செய்கிறதை வீட்டுக்கு வந்து சொல்வேன் என்றேன். அவன் "பஸ்ஸா?" என்று மட்டும் கேட்டான்.

காலை முதல் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வந்தான், ஒரு தடவைதான் வாந்தி. அங்கே கூட்டம். எங்கள் முறை வர மதியம் ஆனது.

மரப்பலகையை வைத்தார்கள். இவன் கட்டைகளை எடுத்துப் படபடவென்று போட ஆரம்பித்தான், நட்சத்திரத்தைக்கூடத் திருப்பிப் போட்டான். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஐயோ இவ்வளவு வேகமாகப் போடுகிறானே என்று பயம். பெற்ற பிள்ளை சரியாகச் செய்தால் பயப்படுகிற நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டான். மீதிக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, காப்பிப் பழம் கொட்டுகிற மாதிரி மடியில் அள்ளிக்கொண்டான்.

அப்புறம் ஐம்பது ரூபாய் நோட்டைக் காட்டி, "பஸ்ஸுக்கு முப்பது ரூபாய் டிக்கெட், ஐம்பது கொடுத்தால் மீதி எவ்வளவு" என்று கேட்டார்கள். இவன், "கண்டக்டர் தருவார்" என்றான். அந்த மேடம் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் சரியான பதில்தான், ஆனால் அதற்கு மார்க் கிடையாது.

என்னிடம் கேள்வி ஆரம்பித்தபோது, பையன் வெளியே இருக்கட்டுமா என்று அவர்களே கேட்டார்கள். நான் அவனைப் பார்த்தேன். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. இருக்கட்டும் என்றேன். குளிப்பானா என்றபோது, "தண்ணீர் வைத்துக் கொடுத்தால் ஊற்றிக்கொள்வான், சோப்பு நான்தான்" என்றேன். நோட்டைக் கொடுத்தேன், இரண்டு பக்கம் படித்தார். "இவனால முடியாது" என்று மட்டும் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. சக்கரம் தம்பி எழுதியது மண்டையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் "நான் கூட இருந்தால்" என்று ஆரம்பித்தே சொன்னேன். மேடமுக்கு அது போதுமாக இருந்தது போல.

சதவீதம் இன்னும் கையில் வரவில்லை, சான்றிதழ் ஏறியதும் தெரியும் என்றார்கள். வங்கிக்கு இன்னும் போகவில்லை. கலெக்டர் ஆபீஸில் அந்தக் குழுவின் விண்ணப்பம் வாங்கிவிட்டேன். ஜாயின்ட் அக்கவுன்ட் பற்றி வீட்டுக்காரரிடம் பேசினால், "அவன் பேரு அதில் இருக்கும்ல, அது போதும்" என்கிறார். விண்ணப்பத்துக்கு அவனுடைய போட்டோ வேண்டும். ஸ்டூடியோவில் பையிலிருந்து பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் அதை வைக்கவே இல்லை, எப்போது பையில் போட்டான் என்று தெரியவில்லை. மாற்றச் சொல்ல மனசு வரவில்லை, அதிலேயே எடுத்தோம்.

வரும்போது பஸ்ஸில், நட்சத்திரத்தைத் திருப்பிப் போட்டாயே, கெட்டிக்காரன் என்று சொன்னேன். ஊர் வரும்வரை "கெட்டிக்காரன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

சக்கரம்24 (27 ஜூன், இரவு 11.50)

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார், கழுவிய பாத்திரத்தையே.

சிறப்பாசிரியை (28 ஜூன், காலை 6.45)

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சதவீதம் எதிர்பாராமல் குறைந்து வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் காகிதம்.

நங்கவள்ளி (28 ஜூன், காலை 10.15)

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பாப்பாவுக்கு 17 முடிந்து ஆறு மாதம். அவளுக்கும் அறிவுசார் குறைபாடு. இப்போதே சோதனைக்குக் கூட்டிப் போகலாமா?

ரிட்டையர்டு வி.ஏ.ஓ. (28 ஜூன், காலை 10.40)

பிறந்த நாள் முடியட்டும் அம்மா. அதற்கு முன்னால் போனால் மறுபடியும் வரச் சொல்வார்கள். இந்த ஆறு மாதத்தில் ஆதாரைக் கவனியுங்கள். 15 வயதில் எடுக்க வேண்டிய கைரேகை, கருவிழிப் பதிவை எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் முதலில் அதை முடியுங்கள்.